இது என்ன பூச்சி, கடிக்குமா, அடிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பூச்சிகளைக் கவனிக்கும் பழக்கம் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து உறவினர்களும் அண்டை வீட்டாரும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இது என்ன, கடிக்குமா, எப்படித் தொலைப்பது? பெரும்பாலும் மூன்றாவது கேள்விதான் முதலில் வரும், அதுவும் கையில் செருப்போடு. பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: அது எதற்காக உள்ளே வந்தது? தண்ணீருக்கா, தீனிக்கா, விளக்கைக் கண்டா, முட்டையிட இடம் தேடியா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் மருந்துப் புட்டிக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. இதுவரை என்னிடம் வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சிலந்தி, தேள், பூரான் எல்லாம் பூச்சிதானே?

பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம். உயிரியல் கணக்கில் பூச்சிக்கு ஆறு கால்கள். உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி. சிலந்திக்கும் தேளுக்கும் எட்டுக் கால்கள், அவை வேறு குலம். பூரானின் காலை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். கம்பளிப்பூச்சிக்கு மட்டும் அத்தனை கால்கள் எப்படி என்று ஒரு சிறுமி என்னை மடக்கினாள். நல்ல கேள்வி. முன்னால் இருக்கும் மூன்று இணைகள்தான் உண்மையான கால்கள். பின்னால் இருப்பவை கிளையைப் பற்றிக்கொள்ள உதவும் சதைக் குமிழ்கள். இறக்கை முளைக்கும்போது அவை மறைந்துபோகும்.

எறும்பு வரிசையைத் துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது. மறுபடியும் அதே வழியில் வருகிறதே?

நீங்கள் துடைத்தது எறும்பை. வழி அப்படியே இருக்கிறது. தீனியைக் கண்டுபிடித்த எறும்பு கூட்டுக்குத் திரும்பும்போது ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டுப் போகும். அப்படித் தொடும் இடமெல்லாம் ஒரு வாசனைப் பொருளைத் தடவுகிறது. அடுத்த எறும்பு அதை மோந்துகொண்டே வந்து, தீனி இருந்தால் தானும் தடவிவிட்டுப் போகும். நடமாட்டம் கூடக் கூடத் தடம் அழுத்தமாகிறது. தீனி தீர்ந்தால் யாரும் தடவுவதில்லை, வாசனை ஆவியாகி, தடமும் அழிந்துவிடும்.

எனவே வெறுந்துணி போதாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தடத்தை முழு நீளத்துக்கும் துடையுங்கள். அதற்கு முன்பு அவை எந்த விரிசலில் நுழைகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அடைக்க வேண்டியது அதைத்தான். வரிசையின் மேல் மருந்து தெளித்தால் வெளியே வந்த வேலைக்காரிகள் மட்டும்தான் சாகும் (ஆம், வேலை செய்வது எல்லாம் பெண் எறும்புகள்தான்). உள்ளே இருக்கும் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருப்பாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும் பொடி மஞ்சள் எறும்பாக இருந்தால் தெளிக்கவே தெளிக்காதீர்கள். மிரண்டுபோன கூட்டம் இரண்டு மூன்றாகப் பிரிந்து, வெவ்வேறு சுவர்களில் தனித்தனியாகக் குடியேறிவிடும். அதற்கு மெதுவாக வேலை செய்யும் விஷத்தீனிதான் சரி. அவை தாமே கூட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகும்.

கோடு கிழிக்கும் மருந்துக் கட்டி எனக்குப் பிடிக்காது. குழந்தையின் கண்ணுக்கு அது எழுதும் சாக்குக்கட்டி.

எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் கொசு என்னை மட்டுமே கடிக்கிறது. இரத்தம் இனிப்பாக இருப்பதாலா?

இரத்தத்தின் ருசி அதற்குத் தெரிவது கடித்த பிறகுதான். தூரத்திலிருந்து அதை இழுப்பது நீங்கள் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அருகில் வந்ததும் உடல் சூடும் தோலின் மணமும் வழிகாட்டுகின்றன. அந்த மணத்தை உண்டாக்குவது தோலில் வாழும் நுண்ணுயிரிகள். அவை ஆளுக்கு ஆள் மாறுவதால் கொசுவின் விருப்பமும் மாறுகிறது. கர்ப்பிணிகளும் பெரிய உடம்புக்காரர்களும் அதிக மூச்சை வெளியிடுவதால் அதிகமாகக் கடிபடுவார்கள். கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர இரத்தத்தின் புரதம் வேண்டும். ஆண் கொசுவுக்குத் தேன் போதும்.

எளிய தடுப்பு ஒன்று சொல்கிறேன். காலருகே ஒரு மேசை விசிறியை ஓடவிடுங்கள். கொசு வலுவாகப் பறக்கத் தெரியாதது, காற்றை எதிர்த்து வந்து உட்கார அதனால் முடியாது. நம் மூச்சும் மணமும்கூடக் கலைந்துவிடும்.

வாரம் தவறாமல் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். அப்படியும் கொசு வருவது எப்படி?

கொட்டினீர்கள், தேய்த்தீர்களா? காலிலும் உடலிலும் வெள்ளை வரியோடு பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு, முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டிவைக்கிறது. கறுப்புப் புள்ளியளவுதான் இருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே காய்ந்து, பல மாதங்கள்கூட உயிரோடிருக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறி நனைத்தவுடன் பொரித்துவிடும். டெங்குவைப் பரப்புவது இந்தக் கொசுதான் என்பதால் சுரண்டித் தேய்ப்பது வீண் வேலை அல்ல.

நாள்பட்ட தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க, வெளிச்சத்தில் வைத்துச் சற்று நேரம் அசையாமல் நில்லுங்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வால் பக்கத்துக் குழாயை நீர்ப்பரப்பில் நீட்டி மூச்சு வாங்கும் புழுக்கள் தெரியும். கையை மேலே நீட்டி நிழல் விழச் செய்தால் அத்தனையும் நெளிந்து அடிக்குப் போகும், அரை நிமிடத்தில் ஒவ்வொன்றாக மேலே வரும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு வந்தது அதனால்தான்.

ஒலி எழுப்பிக் கொசு விரட்டும் கருவி, நீல விளக்கில் பொசுக்கும் கருவி?

முதலாவதால் பயனில்லை, சோதித்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது அதுதான். இரண்டாவது பொசுக்கும், ஆனால் எதை? 1996-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் டெலாவேரில் வீட்டுத் தோட்டங்களில் மாட்டியிருந்த இத்தகைய கருவிகளில் செத்து விழுந்தவற்றை எண்ணினார்கள். மொத்தம் 13,789 பூச்சிகளில் கடிப்பவை 31 மட்டுமே. மற்றவை யாருக்கும் தொல்லை தராத அந்துப்பூச்சிகள், வண்டுகள், நீரோரப் பூச்சிகள்.

விட்டில் விளக்கில் விழுவது ஏன்?

நிலவு என்று நினைத்து வருகிறது என்பதும், வெப்பத்தைத் தேடி வருகிறது என்பதும் நெடுநாள் விளக்கங்கள். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்துப் பார்த்தார்கள். அவை விளக்கை நோக்கிப் பறக்கவில்லை, முதுகை விளக்குப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தன. இரவிலும் வானம் தரையைவிட வெளிச்சமாக இருக்கும். ‘வெளிச்சம் இருக்கும் பக்கம் மேல்’ என்பதுதான் பறக்கும் பூச்சிக்கு நிலை காட்டும் விதி. பக்கத்தில் விளக்கு இருந்தால் அதையே வானம் என்று கொண்டு சாய்கிறது, சாய்ந்தபடி பறப்பதால் வட்டமடிக்கிறது. விளக்குக்கு மேலே போனால் மல்லாந்து கவிழ்கிறது. ஆசைப்பட்டு விழவில்லை, திசை தப்பி மாட்டிக்கொள்கிறது. காதலுக்கு உவமை தேடும் கவிஞர்கள் மன்னிக்கட்டும்.

வாசல் விளக்கை மஞ்சள் ஒளிக்கு மாற்றி, மேலே மூடியிட்டுக் கீழ்நோக்கி விழச் செய்தால் கூட்டம் வெகுவாகக் குறையும்.

காலையில் எழுந்தால் கழுத்தில் தீக்காயம்போல் ஒரு கோடு. எது கடித்தது?

பெரும்பாலும் எதுவும் கடிக்கவில்லை, நீங்கள்தான் நசுக்கியிருக்கிறீர்கள். எறும்பைப்போல் நீண்டு, ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்ட சின்ன வண்டு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். கழுத்தில் ஊரும்போது தூக்கத்தில் தட்டித் தேய்த்தால் அதன் உடல்நீர் தோலில் படும். ஒரு நாளுக்கு மேல் கழித்துத்தான் எரிச்சலும் கொப்புளமும் கிளம்பும் என்பதால் யாரும் வண்டோடு முடிச்சுப் போடுவதில்லை. மேலே உட்கார்ந்தால் ஊதிவிடுங்கள், அடிக்காதீர்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். வயலில் இது பயிரைத் தின்னும் பூச்சிகளை வேட்டையாடும் நல்ல வண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பளிப்பூச்சி மேலே விழுந்துவிட்டது.

தேய்க்காதீர்கள். பூச்சியைக் குச்சியால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரியுங்கள். தைத்திருக்கும் மயிர்கள் அதோடு வரும். பிறகு கழுவுங்கள். உடுத்தியிருந்த துணியையும் துவைக்க வேண்டும், மயிர் அதிலும் இருக்கும்.

தேனீ கொட்டினால் கொடுக்கை எப்படி எடுப்பது?

எப்படி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். தேனீயின் கொடுக்கில் பின்நோக்கிய முட்கள் உண்டு. தோலில் மாட்டியதும் நஞ்சுப்பையோடு பிய்ந்துவிடும், தேனீ செத்துவிடும், பை மட்டும் துடித்து நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். நகத்தாலோ விரலாலோ உடனே எடுங்கள். சரியான கருவியைத் தேடும் நேரத்தில் நஞ்சு முழுவதும் இறங்கிவிடும். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழத்தைப்போல் ஒரு மணம் எழும். அது மற்ற தேனீக்களுக்கு அபாய அறிவிப்பு. ஆகவே அங்கேயே நின்றுகொண்டிருக்காமல், முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடி, கதவுள்ள இடத்துக்குள் நுழையுங்கள்.

வீக்கமும் வலியும் பனிக்கட்டி ஒற்றினால் தணியும். மூச்சுத்திணறல், உதடும் முகமும் வீங்குதல், தலைசுற்றல், உடலெங்கும் தடிப்பு, இவற்றில் எது வந்தாலும் ஒவ்வாமை. ஒரே ஒரு கொட்டு என்றாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளவிக்குக் கொடுக்கு பிய்வதில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் கொட்டும்.

மரக்கிளையில் திடீரென்று தேனீக்கள் பந்துபோல் தொங்குகின்றன. தீ வைக்கலாமா?

கூடாது. அடை தெரிகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். அடை இல்லாமல் தேனீக்கள் மட்டும் ஒன்றையொன்று பற்றித் தொங்கினால் அது இடம் மாறும் கூட்டம். ராணியை நடுவில் வைத்துக்கொண்டு, உளவுத் தேனீக்கள் நல்ல பொந்தைக் கண்டுபிடித்து வரும்வரை காத்திருக்கிறது. காக்க முட்டையோ தேனோ இல்லாததால் அப்போது சாதுவாகத்தான் இருக்கும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ கிளம்பிவிடும். அடை கட்டிவிட்டது என்றால் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஜன்னல் மூலையில் குளவி மண்கூடு கட்டுகிறது. கொட்டுமா?

கையால் பிடித்து அழுத்தினாலொழிய கொட்டாது. கூட்டமாகக் காகிதக்கூடு கட்டும் குளவிதான் கூட்டைக் காக்க எழுந்து வரும். மண்கூடு கட்டுபவள் தனிக்காரி. கூடு கட்டி முடித்ததும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

என் மேசைக்கு எதிரே ஒருமுறை ஒருத்தி கட்டினாள், இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரமண்ணை மிளகளவு உருண்டையாக வாயில் கொண்டுவந்து, விளிம்பில் வைத்து, முன்காலால் தட்டி இழுத்து ஒரு வளையமாக்குவாள். அதன் மேல் அடுத்த வளையம். சுற்றிச் சுற்றி, கடைசியில் கழுத்து வைத்த குட்டிப் பானை ஒன்று உருவானது. பானை முடிந்ததும் வயிற்றை உள்ளே விட்டு ஒரே ஒரு முட்டை. அதைக் கூரையிலிருந்து மெல்லிய நூலில் தொங்கவிடுவது இந்த இனத்தின் வழக்கம். பிறகுதான் வேட்டை. பச்சைப்புழு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது சாகவில்லை, அசையவும் இல்லை. கொட்டியதில் மரத்துப்போயிருந்தது. அப்படி நான்கைந்தை உள்ளே திணித்து, வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போனவள் போனவள்தான்.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்கிவிடும் என்று சொல்வார்கள். புழு போன கூட்டிலிருந்து குளவி வெளிவருவதைப் பார்த்தவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. உண்மையில் தொங்கும் முட்டையிலிருந்து பொரித்த குஞ்சு, கெடாமல் கிடக்கும் புழுக்களை ஒவ்வொன்றாகத் தின்று வளர்கிறது. கூட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே இருந்தது போய்விட்டது என்று பொருள், அப்போது சுரண்டி எடுக்கலாம். ஓட்டை இல்லாவிட்டால் சில வாரங்கள் பொறுத்தால் என்ன?

மழைக்குப் பிறகு ஈசல் வந்தது. வீட்டில் கரையான் இருக்கிறதா?

ஈசல் என்பதே இறக்கை முளைத்த கரையான்தான். வெளியிலிருந்து விளக்குக்கு வந்தால் கவலையில்லை, பெருக்கித் தள்ளுங்கள். மூடிய அறைக்குள்ளேயே, ஜன்னலடியில் உதிர்ந்த இறக்கைகள் குவிந்திருந்தால் புற்று சுவருக்குள்ளோ மரத்திலோ இருக்கக்கூடும். சுவரில் ஏறும் மண்குழாயைத் தேடுங்கள். ஒரு துண்டை உடைத்துவிட்டு ஓரிரு நாளில் வந்து பாருங்கள், திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இறக்கை எறும்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும், முன்னிறக்கை பெரிது. ஈசலுக்கு இடுப்பே கிடையாது, நான்கு இறக்கைகளும் ஒரே நீளம்.

மூட்டைப்பூச்சி வந்துவிட்டது. அழுக்கான வீடு என்று நினைப்பார்களோ?

நினைப்பவர்கள் விவரம் அறியாதவர்கள். அதற்கு வேண்டியது தூங்கும் ஓர் உடம்பு; பெட்டியிலும் பழைய கட்டிலிலும் ஏறி எந்த வீட்டுக்கும் வரும். நோய் பரப்புவதாகத் தெரியவில்லை, தூக்கத்தைத்தான் கெடுக்கும். மெத்தையின் தையல் ஓரத்தில் கறுப்பு மைப்புள்ளிபோல் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மருந்தைவிடச் சூடு நல்லது. பல இடங்களில் அது வழக்கமான மருந்துகளுக்குப் பழகிவிட்டது. 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு யாராலும் பழக முடியாது. துணிகளைக் கொதிநீரில் அலசுங்கள். பட்டினி போட்டுக் கொல்லலாம் என்று அறையைப் பூட்டி வைப்பது வீண், பல மாதங்கள் காத்திருக்க அதற்குத் தெரியும்.

பேன் தாவுமா?

தாவாது, பறக்காது. தலையோடு தலை உரசும்போது நடந்து போகும். ஈரத்தலையில் பேன்சீப்பால் வாருவதை இரண்டு வாரம் விடாமல் செய்தால் ஈரிலிருந்து புதிதாகப் பொரிப்பவையும் அகப்படும்.

துணி அலமாரியில் பாச்சை உருண்டை போடலாமா?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பேன். ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு உருண்டையிலிருந்து வரும் நாப்தலீன் ஆவி இரத்த அணுக்களைச் சிதைக்கும், குறை இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. துவைத்து, வெயிலில் உலர்த்தி, இறுக மூடி வைத்தாலே போதும்.

தானியத்தில் வண்டு. டப்பா இறுக்கமாகத்தானே இருந்தது?

வெளியிலிருந்து வரவில்லை. மணிக்குள் துளையிட்டு முட்டை வைத்து அடைத்துவிட்டுத்தான் தாய் வண்டு போயிருக்கும். வாங்கியதும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டை செத்துவிடும்.

காதுக்குள் பூச்சி புகுந்துவிட்டால்?

குச்சி, விரல், சாவி எதையும் விடாதீர்கள், பூச்சி மேலும் உள்ளே போகும். அந்தக் காது மேலே இருக்கும்படி படுக்கவைத்து, வெதுவெதுப்பான சமையல் எண்ணெயைச் சில சொட்டு விடுங்கள். பூச்சி மூழ்கிச் செத்தால் உள்ளே நடக்கும் பேரிரைச்சல் நிற்கும். வெளியே வராவிட்டால் மருத்துவர் எடுக்கட்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ சீழ் வடிந்தாலோ எண்ணெயும் கூடாது, நேரே மருத்துவரிடம்தான்.

சுவர்க்கோழி ராத்திரி முழுக்கக் கத்துகிறது. அருகில் போனால் நிறுத்திவிடுகிறது!

உங்கள் காலடி அதிர்வு அதற்கு எட்டிவிடுகிறது. காது அதன் முன்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. கத்துவது ஆண், வாயால் அல்ல. ஓர் இறக்கையின் அரத்தை மற்றதன் விளிம்பில் தேய்க்கிறது. வெப்பம் கூடினால் தேய்ப்பு வேகமாகும். சிலவகைச் சுவர்க்கோழிகளின் ஓசையை எண்ணியே வெப்பநிலையைச் சொல்லலாம் என்று டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1897-ல் கணக்கே போட்டுக் கொடுத்தார். பிடிக்க வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும். அறையின் இரு மூலைகளில் நின்று, ஓசை வரும் பக்கத்தைக் கைநீட்டிக் காட்டுங்கள். இரண்டு கைகளும் சந்திக்கும் இடத்தில் அது இருக்கும்.

மின்மினிகள் எங்கே போயின?

இருட்டு போன இடத்துக்கு. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அழைப்பதே ஒளியால்தான், இனத்துக்கு இனம் தாளம் வேறு. பக்கத்தில் தெருவிளக்கு எரிந்தால் அந்த அழைப்பு எட்டாது. குஞ்சுகள் ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்பவை என்பதால் சிமெண்ட் பூசிய முற்றத்திலும் மருந்தடித்த புல்லிலும் இடமில்லை. தோட்ட மூலை ஒன்றில் சருகைக் கூட்டாமல் விட்டு, அந்தப் பக்க விளக்கையும் அணைத்துப் பாருங்கள்.

ஈ ஏன் கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது?

காலால்தான் ருசி பார்க்கிறது. நாக்கைச் சுத்தம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரப்பான் செத்தால் ஏன் மல்லாந்து கிடக்கிறது?

மருந்து தாக்குவது நரம்பை. கால்கள் தாறுமாறாக உதறி உடம்பைப் புரட்டிவிடுகின்றன. காட்டில் என்றால் பற்றிக்கொண்டு நிமிர ஒரு சருகு, ஒரு குச்சி கிடைக்கும். நம் வழவழத் தரையில் எதுவும் கிடையாது. தலை போனாலே ஒரு வாரம் உயிர் தாங்கும் பிராணி அது. மூச்சு விடுவது உடலோரத் துளைகளால்தான். ஆகவே மல்லாந்ததெல்லாம் செத்தது என்று நம்பி, துடைப்பத்தை எடுக்க நிதானமாகப் போய்வராதீர்கள். திரும்பி வரும்போது தரை காலியாக இருக்கும்.